நீட் போச்சு, பயோகெமிஸ்ட்ரி கிடைச்சிருக்கு, சேரலாமா?

ஒரு தங்கச்சி கேட்டிருந்தா: "அக்கா, நான் கவர்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம், +2ல பயோ-மேக்ஸ். நீட் எழுதினேன், கட்-ஆஃப் பக்கத்துல கூட போகல. இப்ப கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல பி.எஸ்சி பயோகெமிஸ்ட்ரி கிடைச்சிருக்கு. எங்க மாமா அத படிச்சா வேலையே கிடைக்காது, பயோடெக் சேரு, இல்லன்னா நர்சிங் போன்றாரு. என்ன பண்றது?"

உன் மாமா சொல்றதுல பாதி உண்மை இருக்கும்மா, அதனால அவர் மேல கோவப்படாத. பி.எஸ்சி பயோகெமிஸ்ட்ரி மட்டும் முடிச்சுட்டு சர்டிபிகேட்ட கையில வச்சுக்கிட்டு நின்னா "வாங்க பயோகெமிஸ்ட்"னு கூப்பிட்டு வேலை குடுக்கிற இடம் ரொம்ப கம்மி. நர்சிங், பார்மசி மாதிரி கவுன்சில்ல பதிவு பண்ணிட்டு நேரா வேலைக்கு போற படிப்பு இல்ல இது. உனக்கு நர்சிங்ல விருப்பம் இருந்து நல்ல காலேஜ்லயும் சீட்டு கிடைச்சா, உடனே சம்பளம்ங்கற ஒரே கணக்குல நர்சிங் தான் ஜெயிக்கும், அத மறைச்சு நான் என்ன பண்ண போறேன். ஆனா பயோகெமிஸ்ட்ரிய நான் பாதி கட்டின வீடுன்னு தான் சொல்லுவேன். அஸ்திவாரம் நல்லா கெட்டி. மேல என்ன கட்டப் போறன்னு ரெண்டாவது வருஷம் முடியறதுக்குள்ள முடிவு பண்ணிட்டா இந்த டிகிரி மாதிரி பல பக்கம் கதவு இருக்கற டிகிரி கம்மி. முடிவு பண்ணாம மூணு வருஷம் ஓட்டினவங்க தான் உன் மாமா பாத்திருக்கற ஆளுங்க.

நான் யாருன்னா, திருச்சி பக்கம் பி.எஸ்சி பயோகெமிஸ்ட்ரி, அப்புறம் எம்.எஸ்சி, நாலு வருஷம் லேப்ல வேலை, இப்ப ஓசூர் பக்கம் ஒரு மருந்து கம்பெனியில குவாலிட்டி கண்ட்ரோல்ல இருக்கேன். நானும் தமிழ் மீடியம், நானும் டாக்டர் சீட்டு கிடைக்காம இதுல வந்தவ தான், எங்க கிளாஸ்ல பாதி பேர் அப்படித்தான். மொதல் செமஸ்டர் முழுக்க அடுத்த வருஷ நீட்டுக்கு ஒரு கண்ணு, கிளாஸுக்கு ஒரு கண்ணுன்னு உக்காந்திருந்தோம். அதுல ரெண்டு வருஷத்த வீணாக்கினவங்க இருக்காங்க. திரும்ப எழுதறதா இருந்தா ஒரு தடவை, அதுக்கு மேல வேணாம், இது என் சொந்த கருத்து, உன் வீட்டு நிலைமை உனக்கு தான் தெரியும்.

சரி, உள்ள என்ன இருக்கும்னு சொல்றேன், ஏன்னா நிறைய பேர் பேர மட்டும் பாத்துட்டு பாதி பயாலஜி பாதி கெமிஸ்ட்ரின்னு நினைச்சுட்டு வந்துடறாங்க. உண்மையில இது உயிர கெமிஸ்ட்ரியா பாக்கற படிப்பு. சோறு சாப்பிட்ட அப்புறம் அந்த மாவுச்சத்து எப்படி குளுக்கோஸாகுது, அந்த குளுக்கோஸ் எப்படி பத்து படி எறங்கி பைருவேட் ஆகுது, நடுவுல எங்க எனர்ஜி வருது, எந்த படியில எந்த என்சைம், அது கெட்டா என்ன நோய், இதான் கரு. மொதல் வருஷம் கார்போஹைட்ரேட், புரோட்டீன், லிப்பிட், கூடவே துணைப்பாடமா கெமிஸ்ட்ரி. ரெண்டாவது வருஷம் என்சைம், மெட்டபாலிசம், அப்புறம் குரோமட்டோகிராபி, எலக்ட்ரோபோரெசிஸ், சென்ட்ரிபியூஜ் மாதிரி டெக்னிக்ஸ். மூணாவது வருஷம் மாலிக்யூலர் பயாலஜி, இம்யூனாலஜி, கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி. யுனிவர்சிட்டிக்கு யுனிவர்சிட்டி வரிசை மாறும், சரக்கு ஒண்ணுதான்.

நீ +2ல "நொதி"ன்னு படிச்சிருப்ப இல்ல, அது தான் என்சைம். தமிழ் மீடியத்துலேர்ந்து வர்றவங்களுக்கு மொதல் ஆறு மாசம் இதுதான் கொடுமை, தெரிஞ்ச விஷயத்தையே தெரியாத பேர்ல சொல்லுவாங்க. நான் ஒரு 200 பக்க நோட்ட நடுவுல கோடு போட்டு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் இங்கிலீஷ்னு எழுதி வச்சேன், கொழுப்பு அமிலம் ஃபேட்டி ஆசிட், வளர்சிதை மாற்றம் மெட்டபாலிசம், இப்படி. தீபாவளிக்குள்ள பயம் போயிடுச்சு. அப்ப தான் ஒண்ணு கவனிச்சேன், நொதிங்கற வார்த்தை நொதிச்சு பொங்கறதுலேர்ந்து வந்தது, என்சைம்ங்கற கிரேக்க வார்த்தைக்கும் "ஈஸ்ட்டுக்குள்ள இருக்கறது"ன்னு தான் அர்த்தம். இட்லி மாவு பொங்கறதும் கள்ளு நுரைக்கறதும் தான் இந்த சப்ஜெக்டோட பொறந்த வீடு. 1897ல ஜெர்மனியில எட்வர்ட் பூக்னர் ஈஸ்ட்ட அரைச்சு, உயிருள்ள செல் எதுவும் இல்லாத அந்த சாறே சர்க்கரைய ஆல்கஹாலா மாத்துதுன்னு காட்டினாரு, 1907ல நோபல் குடுத்தாங்க. உயிர் வேணாம், உள்ள இருக்கற கெமிக்கலே வேலை செய்யும்னு அன்னைக்கு தெரிஞ்சதுலேர்ந்து தான் பயோகெமிஸ்ட்ரி தனி சப்ஜெக்டா காலூன்றுச்சு.

லேப் தான் இதுல ருசி. ஓசசோன் டெஸ்ட்னு ஒண்ணு மொதல் வருஷமே வரும். சர்க்கரை கரைசல்ல பினைல் ஹைட்ரசின் கலவைய போட்டு கொதிக்கிற தண்ணியில வச்சு ஆற விட்டா மஞ்சளா படிகம் வரும், அத ஸ்லைடுல எடுத்து மைக்ராஸ்கோப்ல பாத்தா குளுக்கோஸ்னா வெளக்கமாறு கட்டு மாதிரி ஊசி ஊசியா, மால்டோஸ்னா சூரியகாந்திப் பூ மாதிரி, லாக்டோஸ்னா பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும். எனக்கு மொதல் தடவை எல்லாமே மஞ்ச சேறு தான் வந்துச்சு, ஏன்னா அவசரத்துல டெஸ்ட் டியூப குழாய் தண்ணியில காட்டி ஆற வச்சுட்டேன். படிகம்னா மெதுவா ஆறணும். லேப் அட்டெண்டர் அண்ணன் தான் "ஸ்டாண்டுலயே விட்டுட்டு டீ குடிச்சுட்டு வாம்மா"ன்னு சொல்லிக் குடுத்தாரு, வந்து பாத்தா சூரியகாந்தி.

அதே மாதிரி ரெண்டாவது வருஷம் பாஸ்பரஸ் எஸ்டிமேஷன் பண்ணுவீங்க, நீல கலர் வரும், மெத்தட் பேரு பிஸ்கே-சுப்பாராவ். ரெக்கார்டு நோட்ல எழுதிட்டு எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க. அந்த சுப்பாராவ் யெல்லாப்ரகட சுப்பாராவ், பீமாவரத்துல 1895ல பொறந்து, மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்லயும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்லயும் படிச்சவரு. ஹார்வர்டுல பிஸ்கே கூட சேந்து 1925ல அந்த மெத்தட வெளியிட்டாரு, அத வச்சு தான் தசையில பாஸ்போகிரியட்டின கண்டுபிடிச்சாங்க, செல்லுக்கு எனர்ஜி குடுக்கற ஏடிபியையும் பிரிச்செடுத்தாங்க. அப்புறம் லெடர்லி கம்பெனியில போலிக் ஆசிட், மெத்தோட்ரெக்ஸேட்ங்கற கேன்சர் மருந்து பக்கமெல்லாம் அவர் டீம் வேலை தான். இந்த டிகிரிக்கு மதிப்பில்லைன்னு சொல்றவங்ககிட்ட இந்த ஆள சொல்லு.

இப்ப வேலைக்கு வருவோம். மொதல்ல எல்லாரும் ஏமாறற இடம், மெடிக்கல் லேப். பயோகெமிஸ்ட்ரி படிச்சா ப்ளட் டெஸ்ட் லேப்ல வேலைன்னு காலேஜ்லயே சொல்லி சேப்பாங்க. பிரைவேட் லேப்ல எடுப்பாங்க, உண்மை. ஆனா டெக்னீசியன் வேலைக்கு முறையான படிப்பு எம்எல்டி, அதாவது மெடிக்கல் லேப் டெக்னாலஜி தான், அரசு லேப் டெக்னீசியன் போஸ்டுக்கு எம்ஆர்பி (தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) எம்எல்டி சர்டிபிகேட்டோ டிப்ளமோவோ தான் கேக்கும், பி.எஸ்சி பயோகெமிஸ்ட்ரிய தூக்கிட்டு போனா அப்ளிகேஷனே நிக்காது. அதனால ஆஸ்பத்திரி லேப் தான் உன் கனவுன்னா பி.எஸ்சி எம்எல்டி கிடைக்குதான்னு இப்பவே பாரு, இல்லன்னா இத முடிச்சுட்டு டிஎம்எல்டி பண்ணு. சுகாதார சார்பு படிப்புகளுக்குன்னு 2021ல சென்ட்ரல் சட்டமே வந்திருக்கு, வரவர லேப்ல யார் நிக்கலாம்ங்கறது இறுகத்தான் போகும்.

ஆனா ஒண்ணு. லேப்ல மெஷின அழுத்தறவங்களுக்கும் பயோகெமிஸ்ட்ரி தெரிஞ்சவங்களுக்கும் வித்தியாசம் தெரியற நாள் வரும். நான் வேலை பாத்த ஒரு இடத்துல ஒரு அம்மாவுக்கு பொட்டாசியம் 9.8னு வந்துச்சு, கால்சியம் 5 கூட இல்ல. அந்த பொட்டாசியம் நிஜமா இருந்தா ஆள் ஐசியூல இருக்கணும், அந்தம்மா வெளிய பெஞ்சுல உக்காந்து பிஸ்கட் சாப்பிட்டுட்டு இருக்காங்க. ரிப்போர்ட் பிரிண்டுக்கே போயிடுச்சு. கூட இருந்த பையன் மெஷின் கேலிப்ரேஷன் போச்சுன்னு சொல்லிட்டான். நான் ரெண்டு நம்பரையும் சேத்து பாத்தேன், பொட்டாசியம் ஏறியிருக்கு, கால்சியம் எறங்கியிருக்கு, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ்ங்கற என்சைமும் தரையில கெடக்கு. பர்ப்பிள் மூடி டியூப்ல ரத்தம் உறையாம இருக்க போட்டிருக்கறது பொட்டாசியம் ஈடிடிஏ. ஈடிடிஏ கால்சியத்த புடிச்சுக்கும், அந்த என்சைமுக்கு வேண்டிய ஜிங்க், மெக்னீசியத்தையும் புடிச்சுக்கும், கூட வந்த பொட்டாசியம் கணக்குல ஏறிடும். யாரோ ரத்தம் பத்தலன்னு பர்ப்பிள் டியூப்லேர்ந்து கொஞ்சம் மஞ்ச மூடி டியூப்ல ஊத்தியிருக்காங்க. திரும்ப ரத்தம் எடுத்தோம், பொட்டாசியம் 4.2. இது எந்த மெஷின் மேனுவல்லயும் தேடிப் பாத்ததில்ல, ரெண்டாவது வருஷ என்சைம் பாடத்துல "கோஃபேக்டர்"னு, அதாவது என்சைமுக்கு வேண்டிய துணைன்னு, தூங்கிட்டே கேட்டது.

இன்னொண்ணு, சுகர் டெஸ்டுக்கு ஏன் சாம்பல் மூடி டியூப்னு எத்தனையோ லேப்ல கேட்டுப் பாத்துட்டேன், "அது சுகர் டியூப் மேடம்"னு தான் பதில். ரத்தம் எடுத்த அப்புறமும் சிவப்பணு உயிரோட தான் இருக்கும், குளுக்கோஸ தின்னுக்கிட்டே இருக்கும், மணிக்கு 5லேர்ந்து 7 சதவீதம் வரைக்கும் குறையும். டியூப்ல இருக்கற ப்ளூரைடு ஈனோலேஸ்ங்கற என்சைம நிறுத்தும். ஆனா குளுக்கோஸ் பைருவேட் ஆகற அந்த பத்து படியில ஈனோலேஸ் ஒம்பதாவது, மேல இருக்கற படியெல்லாம் கொஞ்ச நேரம் ஓடிட்டு தான் நிக்கும், அதனால சாம்பல் டியூப்லயும் மொதல் ஒண்ணு ரெண்டு மணி நேரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். கிராமத்துல கேம்ப் போட்டு காலையில எடுத்த ரத்தத்த மத்தியானம் டவுனுக்கு கொண்டு வர்ற லேப்ல எல்லாம் இது பெரிய விஷயம். ஆஸ்பத்திரி பக்கம் போறதா இருந்தா இந்த மாதிரி யோசிக்கற ஆளா போ, அப்ப எம்.எஸ்சி மெடிக்கல் பயோகெமிஸ்ட்ரி நல்ல ரூட்டு. மெட்ராஸ் யுனிவர்சிட்டியோட தரமணி கேம்பஸ், புதுச்சேரி ஜிப்மர் இதெல்லாம் பாரு. மெடிக்கல் காலேஜ்ல வாத்தியார் ஆகலாம்னு யாராவது சொன்னா மட்டும் விதிய பாத்துக்க, முன்னாடி பயோகெமிஸ்ட்ரி துறையில பாதி வரைக்கும் எம்பிபிஎஸ் படிக்காதவங்க இருக்கலாம்னு இருந்தத 2020ல ஒரே அடியா 15 சதவீதம் ஆக்கினாங்க. அடிக்கடி மாறுற விதி இது, அத நம்பி மட்டும் கடன் வாங்கி படிக்காத.

இனி நான் நிஜமா சொல்ல வந்த இடம். தமிழ்நாட்ட சுத்திப் பாரு, பயோகெமிஸ்ட்ரி ஆஸ்பத்திரிய விட பேக்டரியில தான் அதிகம் இருக்கு, நம்ம காலேஜுங்க அத சொல்லிக் குடுக்கறதில்ல. திருப்பூர்ல பனியன் துணிக்கு மேல நிக்கற பொடி நூல எடுக்க பயோ பாலிஷ் பண்றாங்க, அது செல்லுலேஸ் என்சைம். நெசவுக்கு முன்னாடி நூலுக்கு போட்ட கஞ்சிய எடுக்க அமைலேஸ். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஷாப்புல தோல மெத்துன்னு ஆக்க புரோட்டியேஸ். நாமக்கல் கோழித் தீவனத்துல பைட்டேஸ் கலக்கறாங்க, எதுக்குன்னா சோளத்துலயும் சோயாவுலயும் இருக்கற பாஸ்பரஸ் பைட்டேட்டா பூட்டிக் கெடக்கும், கோழிக்கு அத தொறக்கற என்சைம் போதுமான அளவு கிடையாது, பைட்டேஸ் போட்டா தொறக்கும், தனியா வாங்கிக் கொட்டற டை-கால்சியம் பாஸ்பேட் செலவு மிச்சம், முட்டை ஓடும் கெட்டி. சேலம் பக்கம் மரவள்ளி ஸ்டார்ச், சர்க்கரை ஆலை, பால் பண்ணை, எல்லாத்துலயும் உன் சப்ஜெக்ட் தான். என் கிளாஸ்மேட் ஒருத்தி நாமக்கல்ல தீவன என்சைம் விக்கற கம்பெனியில டெக்னிகல் சேல்ஸ்ல இருக்கா, ஸ்கூட்டிய எடுத்துட்டு பண்ணை பண்ணையா போவா, பண்ணைக்காரர் "என்னம்மா போன மாசம் மூட்டை போட்டேன், முட்டை ஒடையுது"ன்னு கேட்டா தீவனம் பெல்லட் அடிக்கும்போது எவ்வளவு சூடு போச்சுன்னு கேப்பா, சூடு அதிகமானா என்சைம் செத்துடும். எங்க பேட்ச்ல இன்னைக்கு அதிக சம்பளம் அவளுக்கு தான், பிஎச்டி முடிச்சவனுக்கு இல்ல. பெங்களூர் பயோகான் கூட 1978ல பெரிய மருந்தோட ஆரம்பிக்கல, ஒரு கார் ஷெட்டுல பப்பாளிப் பால்லேர்ந்து பப்பாயின்ங்கற என்சைமும், மீன் காத்துப்பையிலேர்ந்து பீர தெளிய வைக்கற ஐசிங்கிளாஸும் எடுத்து தான் ஆரம்பிச்சாங்க.

மருந்து கம்பெனி குவாலிட்டி கண்ட்ரோல்ல நான் இருக்கறதால கொஞ்சம் சொல்லலாம். இங்க கெமிஸ்ட்ரி ஆளுங்களும் பார்மசி ஆளுங்களும் தான் கூட்டம், பயோகெமிஸ்ட்ரிக்கு இடம் இன்சுலின், ஆன்டிபாடி, தடுப்பூசி மாதிரி பயாலஜிக்கல் பக்கம். பெங்களூரும் ஹைதராபாத் ஜீனோம் வேலியும் தான் அதுக்கு ஊரு, வீட்ட விட்டு போக மனசு இருக்கணும். இன்டர்வியூல கேக்கறது பெரிய தியரி இல்ல. எச்பிஎல்சி (கலவைய பிரிச்சு அளக்கற மெஷின்) தொட்டிருக்கியா, பிஎச் மாறாம வச்சிருக்கற பஃபர் கரைசல் போடத் தெரியுமா, அதுக்கு போடற ட்ரிஸ் 1 மோலார்ல 500 மில்லி வேணும்னா எத்தனை கிராம், அவ்வளவு தான். கணக்கு போட்டா 60.57 கிராம், அத பேப்பர் இல்லாம சொல்ற எம்.எஸ்சி கேண்டிடேட் பத்துக்கு ரெண்டு பேர் கூட எனக்கு வந்ததில்ல. நைட் ஷிப்ட் இருக்கும், ஒவ்வொரு எழுத்துக்கும் கையெழுத்து போடணும், தப்பா எழுதினா ஒரு கோடு அடிச்சு தேதி போட்டு கையெழுத்து, ஒயிட்னர் வச்சா வேலை போயிடும். பொறுமை இல்லாதவங்களுக்கு ஆகாது.

அரசு வேலையில யாரும் கவனிக்காத ஒண்ணு, ஃபுட் சேஃப்டி ஆபீசர். உணவுப் பாதுகாப்பு விதிகள்ல 2011லயே தகுதின்னு எழுதியிருக்கறதுல பயோகெமிஸ்ட்ரி டிகிரி பேரோட இருக்கு. கெமிஸ்ட்ரிக்காரங்களுக்கு அங்க மாஸ்டர்ஸ் வேணும், உனக்கு பி.எஸ்சியே போதும். தமிழ்நாட்டுல எம்ஆர்பி மூலமா எடுப்பாங்க, ஆனா வருஷா வருஷம் வராது, வரும்போது கூட்டம் அள்ளும். எம்.எஸ்சி முடிச்சு உணவு ஆய்வுல அனுபவம் இருந்தா ஃபுட் அனலிஸ்ட் தேர்வும் எழுதலாம். டீச்சர் வேலைக்கு போறதா இருந்தா ஒரு எச்சரிக்கை, பயோகெமிஸ்ட்ரியும் கெமிஸ்ட்ரியும் ஒண்ணுன்னு நீயா நினைச்சுக்காத, டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) நோட்டிபிகேஷன்ல எந்த டிகிரிக்கு எந்த டிகிரி சமம்னு வரிக்கு வரி பாத்துட்டு அப்புறம் பி.எட் சேரு, அத பாக்காம சேந்து அழுதவங்கள தெரியும். டிஎன்பிஎஸ்சி குரூப் எக்ஸாம், பேங்க் இதெல்லாம் எந்த டிகிரிக்கும் பொது, அதுக்கு பயோகெமிஸ்ட்ரிங்கறதால கூடுதலாவும் இல்ல குறைவாவும் இல்ல.

மெடிக்கல் கோடிங் பத்தி கண்டிப்பா கேப்ப. சென்னை, கோயம்புத்தூர், திருச்சி, சேலம்னு எல்லா இடத்துலயும் கம்பெனி இருக்கு, லைஃப் சயின்ஸ் டிகிரின்னா எடுப்பாங்க, அமெரிக்க ஆஸ்பத்திரி ரெக்கார்ட படிச்சு நோய்க்கும் சிகிச்சைக்கும் கோடு போடற வேலை. ஆரம்பத்துல 15, 20 ஆயிரம் ரேஞ்சுல தான் இருக்கும், சிபிசிங்கற கோடிங் சர்டிபிகேட் வாங்கினா ஏறும். வீட்டுல உடனே பணம் வேணும்னா இது மோசமான வேலை இல்ல, சும்மா கேவலமா பேசறவங்கள கண்டுக்காத. ஆனா ரெண்டு விஷயம். ட்ரெயினிங் சென்டருக்கு முப்பதாயிரம் கட்டுன்னு சொன்னா யோசி, சில கம்பெனி அவங்களே சொல்லிக் குடுத்து எடுக்கறாங்க. அப்புறம் நீ படிச்சதுல உடற்கூறும் நோய் பேரும் தான் அங்க உதவும், லேப் கை மறந்துடும், மூணு வருஷம் கழிச்சு திரும்ப சயின்ஸுக்கு வர்றது கஷ்டம். பார்மகோவிஜிலன்ஸ் (மருந்தோட பக்கவிளைவ கண்காணிக்கற வேலை), கிளினிக்கல் ரிசர்ச் இதெல்லாம் எம்.எஸ்சி இருந்தா நல்லது. கண்டுபிடிப்புக்கு காப்புரிமை வாங்கித் தர்ற பேடண்ட் ஏஜெண்ட்னு ஒரு வழி இருக்கு, சயின்ஸ் டிகிரியும் 21 வயசும் இருந்தா எக்ஸாம் எழுதலாம், பி.எஸ்சியே போதும், எழுத்துல ஆர்வம் இருக்கறவங்களுக்கு அருமையான வேலை, ஆனா அந்த எக்ஸாமுக்கு பேடண்ட் சட்டத்த படிக்கணும்.

ஆராய்ச்சிதான் வேணும்னா கதை வேற. மூணாவது வருஷம் படிக்கும்போதே ஜாம்ங்கற ஐஐடி எம்.எஸ்சி நுழைவுத் தேர்வ எழுது. அதுல பயோடெக்னாலஜி பேப்பர் உனக்கு, பிப்ரவரி மாசம் நடக்கும், +2 லெவல் மேக்ஸும் பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் வரும், நீ பயோ-மேக்ஸ்ங்கறது இங்க பெரிய பலம், ப்யூர் சயின்ஸ்காரங்க இந்த மேக்ஸ்ல தான் வழுக்கி விழுவாங்க. ஐஐடி எம்.எஸ்சிக்கும் பெங்களூர் ஐஐஎஸ்சியோட இன்டக்ரேட்டட் பிஎச்டிக்கும் இதான் வாசல், அங்க பயோகெமிஸ்ட்ரி துறையே 1921லேர்ந்து இருக்கு. கேட்-பின்னு (GAT-B) பயோடெக்குக்கு ஒரு நுழைவுத் தேர்வு இருக்கு, டிபிடி (சென்ட்ரல் பயோடெக்னாலஜி துறை) உதவியில நடக்கற எம்.எஸ்சி பயோடெக்ல சீட்டு கிடைச்சா மாசம் 5,000 ரூபாய் உதவித்தொகையும் வரும். ஹைதராபாத் யுனிவர்சிட்டி மாதிரி சென்ட்ரல் யுனிவர்சிட்டிகளுக்கு சியுஇடி-பிஜின்னு பொது நுழைவுத் தேர்வு. ஜாம், கேட்-பி, சியுஇடி மூணுக்கும் சிலபஸ் பெரும்பாலும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டும், ஒரே படிப்புல மூணும் எழுதிடலாம். எங்க காலேஜ்ல இந்த பேரெல்லாம் எங்களுக்கு தெரிஞ்சது மூணாவது வருஷம் மார்ச்ல, எல்லா தேதியும் முடிஞ்ச அப்புறம். இதுக்காகவே இந்த பதில இவ்வளவு நீளமா எழுதறேன்.

எம்.எஸ்சிக்கு அப்புறம் பிஎச்டி உதவித்தொகைக்கு எழுதற தேர்வு சிஎஸ்ஐஆர் நெட், பயோகெமிஸ்ட்ரிக்குன்னு தனி பேப்பர் இல்ல, லைஃப் சயின்ஸஸ் தான் எழுதணும். அந்த உதவித்தொகை, அதாவது ஜேஆர்எஃப் கிடைச்சா 2023லேர்ந்து மாசம் 37,000, அதோட வீட்டு வாடகைப் படி. கேக்க நல்லா இருக்கும், ஆனா பிஎச்டி முடிக்க அஞ்சாறு வருஷம், அப்புறம் போஸ்ட்டாக், நிரந்தர வேலைன்னு உக்காரும்போது முப்பது தாண்டியிருக்கும். வீட்டுல கல்யாணம் கல்யாணம்னு நச்சரிப்பாங்க, நடுவுல உதவித்தொகை ரெண்டு மூணு மாசம் லேட்டா வரும், அப்ப எல்லாம் தாங்கற கேரக்டர் வேணும். நான் அங்க போகல, எனக்கு அந்த பொறுமை இல்ல. ஜெர்மனி ஆசை இருந்தா, மூணு வருஷ பி.எஸ்சிய நிறைய மாஸ்டர்ஸ் படிப்புல ஏத்துக்கறாங்க, பெரும்பாலான அரசு யுனிவர்சிட்டியில ட்யூஷன் பீஸ் கிடையாது, ஆனா நம்ம படிப்பு சர்டிபிகேட்ட சரிபாத்து குடுக்கற ஏபிஎஸ் சர்டிபிகேட்டும், ஒரு வருஷ செலவுக்கான பணத்த முன்கூட்டியே பிளாக்டு அக்கவுண்ட்ல போட்டுக் காட்டறதும் வேணும், அது இன்னைக்கு 11,904 யூரோ, நம்ம காசுல பத்து லட்சத்துக்கு மேல.

பயோடெக் சேருன்ற மாமா பேச்சுக்கு வர்றேன். பி.எஸ்சி லெவல்ல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, பேர் தான் பளபளப்பு. ஜாம், நெட் எல்லாத்துக்கும் ரெண்டு பேரும் ஒரே வரிசையில தான் நிப்பாங்க. கவர்மென்ட் காலேஜ் பயோகெமிஸ்ட்ரிய விட்டுட்டு வருஷம் ஐம்பது அறுபதாயிரம் கட்டி செல்ஃப் பைனான்ஸ் பயோடெக் போறது வீண் செலவு, இதுல எனக்கு சந்தேகமே இல்ல. நீ கவர்மென்ட் ஸ்கூல்ல ஆறாவதுலேர்ந்து +2 வரைக்கும் படிச்சிருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாயும் வரும், அத லேப் ரெக்கார்டுக்கும் பஸ்ஸுக்கும் வச்சுக்க.

சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் காலேஜுக்கு நேர்ல போ. துறைத்தலைவர பாக்க வேணாம், மூணாவது வருஷ அக்காங்க யாரையாவது கேன்டீன்ல புடி. ப்ராக்டிகல் நிஜமா நடக்குதா இல்ல ரெக்கார்டு பாத்து எழுதறீங்களான்னு கேளு. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இருக்கா, இருந்தா பூட்டி வச்சிருக்காங்களான்னு கேளு. கலரிமீட்டர் மட்டும் தான் இருக்குன்னா பரவாயில்ல, அதுல கை பழகினாலே போதும், பூட்டி வச்ச மெஷினால தான் பிரயோஜனம் இல்ல. மூணாவது வருஷம் ப்ராஜெக்ட் வெளி இன்ஸ்டிட்யூட்ல பண்ண விடுவாங்களான்னும் கேளு. இந்திய அறிவியல் அகாடமிகள் மூணும் சேந்து நடத்தற சம்மர் ஃபெலோஷிப்புக்கு ரெண்டாவது வருஷம் அப்ளை பண்ணு, கிடைச்சா ரெண்டு மாசம் பெரிய லேப்ல உக்காரலாம், இது பயோடேட்டாவுல எந்த மார்க்குக்கும் மேல நிக்கும்.

டிஎன்காசா (கவர்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ் அட்மிஷன்) கலந்தாய்வுக்கு போகும்போது டிசி, மார்க் ஷீட், கம்யூனிட்டி சர்டிபிகேட்டோட அஞ்சு செட் ஜெராக்ஸ் எடுத்துக்க, அங்க வாசல்ல இருக்கற கடையில அன்னைக்கு மட்டும் பக்கத்துக்கு அஞ்சு ரூபா. லேப் கோட்டு காட்டன்ல, முழுக்கை வச்சது வாங்கு, பாலியஸ்டர் பளபளன்னு இருக்கேன்னு எடுக்காத, பன்சன் பர்னர் பக்கத்துல அது உருகி தோல்ல ஒட்டிக்கும்.